கதவைத் தொடாமல் ஒரு மணி நேரம்

பயப்படாதீங்க சார். உள்ளே யாரும் யாரையும் அடிக்கவில்லை. அடி விழுவது மெத்தைக்கு. சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கிற இலவம்பஞ்சு மெத்தை. கீழே தையல் மெஷின் ஸ்பேர் கடை வைத்திருப்பவர் ஆரம்பத்தில் ரெண்டு தரம் மாடியேறி வந்து, "ஏனுங் மேடம், மாவு கீவு இடிக்கறீங்களா?" என்று கேட்டாராம். இப்போது பழகிவிட்டார். சத்தம் வராவிட்டால்தான் எட்டிப் பார்க்கிறார்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் குட்டை. முதல் நாள் நான் அதில்தான் உட்கார்ந்தேன். அது ஆட ஆட, அடடா, நம் உடம்பு எவ்வளவு நடுங்குகிறது என்று பயந்துபோய், உள்ளே போனதும் மேடத்திடம் முதலில் அதைத்தான் சொன்னேன். அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார். என் வைத்தியத்தில் அன்றைக்கே குணமானது அது ஒன்றுதான். அந்தக் காகிதமும் இப்போது நழுவிப் போய்விட்டது.

உங்களுக்குப் பதினொன்றேகாலா? முதல் தடவை. இல்லையென்று சொல்லாதீங்க, ஃபைலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருக்கீங்களே. ஃபைலை அவர் கேட்கவே மாட்டார். "காலில் என்ன தெரியுது?" என்றுதான் கேட்பார். நான் "ஆணி" என்றேன். குதிகாலில் ஆணி இருந்தது, அதைச் சொன்னேன். "வேற?" என்றார். "வேற செருப்பு வாங்கணும்" என்றேன். "கோபம் உடம்புல எந்த இடத்துல இருக்கு?" என்றார். "எங்க மேனேஜர் வீட்டுல" என்றேன். அப்படியே நாலு வாரம் ஓடியது.

உள்ளே அடிப்பது யார் என்று நீங்க கேட்கவில்லை. நாகரிகமானவர். நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி. பேர் கலாமணி. பதினொரு வாரமாகக் கோபியில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். இன்றைக்குக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நான் பையை வாங்கக் கை நீட்டினால், பையைத் தராமல் சொன்னாள்: "உள்ள போயி பார்த்துட்டு வர்றேன். வெளிய வந்துதான் சொல்லுவேன், ஊட்டுக்கு வர்றதா, கோபிக்கே போறதான்னு."

அவ்வளவுதான் விஷயம். பதினொரு மணிக்கு அந்தக் கதவு திறக்கும். அதுவரைக்கும் எனக்கு மேடம் போட்ட உத்தரவு மூன்று: கதவைத் தொடக்கூடாது, தட்டக்கூடாது, காது வைத்துக் கேட்கக்கூடாது. மூன்றாவதைத் திரும்பி வந்து தனியாகச் சொன்னார். என்னைத் தெரிந்தவர்.

மணி பத்து முப்பத்தைந்து. இதுவரைக்கும் ரெண்டு தரம் எழுந்துவிட்டேன். நீங்க வந்தபோது நான் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேனே, அந்தப் போர்டைப் படிக்கவில்லை சார். அதில் எழுதியிருப்பது 'செருப்பை வெளியே விடவும்.' அதை எவ்வளவு நேரம் படிப்பது? பேசிக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்கும். அதற்காகத்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். கோவித்துக்கொள்ளாதீங்க.

என் பேர் நல்லசாமி. அந்தப் பேரைப் பார்த்து ஏமாந்த முதல் ஆள் கலாமணியின் அப்பா. சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுகிறேன். ராத்திரி ஷிஃப்ட். இருபத்திரண்டு வருஷமாக ராத்திரிதான். மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்பதாவதோடு நின்றவன். பாய்லர் பரீட்சைக்கு நானே படித்துத் தேறினேன். அதற்கப்புறம் படிப்பை நிறுத்தத் தெரியவில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்ததெல்லாம் படித்தேன். நட்சத்திரம், ஹோமியோபதி, மலாயா சரித்திரம், மனசைப் பற்றி மட்டும் ஏழு புத்தகம். அதனால் என் கோபத்துக்கு என்ன காரணம் என்று எனக்கு முழுசாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் குத்துவேன்.

குத்துவேன் என்றால் சுவரை. கதவை. சாமான்களை. அவள் மேல் ஒரு விரல் பட்டதில்லை சார். இதை நீங்க நன்றாக மனசில் வைத்துக்கொள்ளணும். நான் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன். மேடத்திடமும் சொன்னேன். அவர், "சரி. அவங்க எங்க நின்னாங்க?" என்று கேட்டார். எதற்கு அந்தக் கேள்வி? நான் கை எங்கே போனது என்று சொல்கிறேன், இவர் அவள் எங்கே நின்றாள் என்று கேட்கிறார்.

எங்கள் வீட்டில் நாலு காலண்டர் தொங்கும். தினசரித் தாள் கிழிக்கிற காலண்டர். நகைக்கடை ஒன்று, அரிசி மண்டி ஒன்று, கேஸ் ஏஜென்சி ஒன்று, சீட்டுக் கம்பெனி ஒன்று. இருப்பதே ஒன்றரை ரூம். வருகிறவர்கள் எல்லாம், "நல்லசாமிக்கு நாள் கிழமையில என்ன அக்கறை!" என்பார்கள். ஒவ்வொரு காலண்டருக்குப் பின்னாலும் ஒரு பள்ளம். அவள்தான் மாட்டினாள். நான் குத்திவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கி எழுந்தால், அந்த இடத்தில் காலண்டர் தொங்கும். ஒரு வார்த்தை பேச மாட்டாள். தினமும் காலையில் நாலிலும் தாள் கிழிப்பாள். நல்ல பழக்கம்தானே? நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். குடும்பம் என்றால் இப்படி அனுசரித்துப் போவதுதான் என்று.

கேட்டீங்களா அதை? அது நல்ல அடி. தோளிலிருந்து வருகிறது. எனக்கு மெத்தையைத் தொடவே ஆறு வாரம் ஆனது. இவள் முதல் நாளே அடிக்கிறாள். மாவாட்டின கை.

கடைசியாகப் பீரோ. ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு வந்து படுத்திருந்தேன். அவள் அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டு, பீரோவிலிருந்து சேலை எடுத்தாள். அந்தப் பீரோக் கதவு திறந்தால் கிரீச்சென்று கத்தும். எண்ணெய் விடு, எண்ணெய் விடு என்று மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம்? என்னிடம்தான். கத்தியது. எழுந்தேன். குத்தினேன். பீரோவைத்தான் சார். அவள் காதுக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அளந்த மாதிரி சொல்கிறேனே என்று பார்க்கிறீங்களா? அளந்தேன். பிறகு, அவள் போன பிறகு. ஒரு சாண் சின்னத் தூரமா? அவளுக்கு ரெண்டு நாள் காதுக்குள் கொய்ங் என்று கேட்டதாம். இந்தக் காலத்துப் பீரோத் தகரம் அவ்வளவு மெல்லிசு.

அன்றைக்கு அவள் காலண்டர் மாட்டவில்லை. சேலையைப் பையில் வைத்துக்கொண்டு போனவள்தான். நாலு காலண்டரும் வைகாசி எட்டாம் தேதியிலேயே நிற்கிறது. நான் கிழிக்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

போனில் ஒரே பேச்சு: "வைத்தியம் பாருங்க. பார்த்தாத்தான் பேசுவேன்." பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை ஒன்று எழுதிக்கொடுத்து, "இந்த மேடத்தையும் போய்ப் பாருங்க, உடம்பை வெச்சே மனசைச் சரி பண்ணுவாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் மனசைப் பற்றி ஏழு புத்தகம் படித்தவன். உடம்பை வைத்து என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. பாய்லர்தானே! உள்ளே அழுத்தம் ஏறினால் வால்வைத் திறந்து விடணும். இத்தனை வருஷம் நான் செய்கிற வேலை. மேடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள் நாற்பது கிலோ இருந்தால் அதிகம். கண்ணாடியைக் கழற்றினால் ஆளைவிடக் கண்ணாடிதான் கனம். "மேடம், நான் முழுசா ஒரு நாள் எடுத்து விட்டேன்னா இந்தக் கட்டடம் தாங்காது. கீழ் கடைக்காரரைக் கொஞ்சம் வெளியே நிக்கச் சொல்லிடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எதையும் முழுசா எடுத்து விட வேண்டாம் சார்" என்றார். பிறகு சட்டம் சொன்னார். உங்களுக்கும் இப்படியே சொல்வார்: உங்களுக்கு அடி படக்கூடாது, எனக்கு அடி படக்கூடாது, இந்த ரூமுக்கு அடி படக்கூடாது. அடிக்கும்போது கண் திறந்திருக்கணும். நான் "நில்லுங்க" என்றால் கை எங்கே இருந்தாலும் அங்கேயே நிற்கணும். நீங்க "நில்லுங்க" என்று சொன்னால் நான் நிற்பேன்.

இதற்குப் பேர் வைத்தியமா, டிராஃபிக் போலீஸா என்று கேட்டேன்.

"அழுத்தம் மேடம், உள்ள அழுத்தம். பாய்லர் மாதிரி" என்று விளக்கினேன்.

"பாய்லருக்கு வீட்டுக்காரி கிடையாதே சார்" என்றார்.

மெத்தையைத் தொடவே விடவில்லை. முதலில் நடை. அந்தக் கோடியிலிருந்து நான் அவரைப் பார்த்து நடக்கணும். அவர் கையைக் காட்டி "நில்லுங்க" என்றதும் நிற்கணும். தெருவில் பிள்ளைகள் ஆடுகிற சிலை ஆட்டம். ஐம்பது வயசை எட்டப்போகிறவன் வெறுங்காலோடு சிலை ஆட்டம் ஆடினேன். நான் நின்ற இடத்தில் குனிந்து ஒரு நீல டேப்பை ஒட்டுவார். "ரெண்டடி அதிகமா வந்துட்டீங்க" என்பார். "லாரிக்கே பிரேக் அடிச்சா இடம் வேணும் மேடம்" என்பேன். அடுத்த வாரமும் ரெண்டடி. அதற்கடுத்த வாரம் ஒன்றே முக்கால். உள்ளே போனதும் பாருங்க, தரையெல்லாம் நீலக் கோடாக இருக்கும். எல்லாம் நான் நிற்காமல் போன இடங்கள்.

ஒரு நாள் கேட்டேன்: "நான் நிக்கறதுக்கா வந்தேன்? கோபத்தைத் தீக்கறதுக்கில்ல வந்தேன்?" அவர் சொன்னார்: "நிக்கத் தெரிஞ்ச பிறகு எவ்வளவு வேணும்னாலும் கோபப்படுங்க, நானும் கூட நிக்கிறேன்."

அது எனக்கு அப்போது பிடிபடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டறையில், பாய்லருக்குப் பின்னால், ஒரு வைத்தியசாலை திறந்தேன்.

பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை தெரியுமில்லையா? இந்த ஊரில் அதற்கா பஞ்சம். ரெண்டு மூட்டையை அடுக்கிக் கட்டினேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோபம் இருக்கிறது சார். வட்டிக்காரன் மேல், மச்சினன் மேல், மேனேஜர் மேல் எல்லோருக்கும் பொதுவாக. "வாங்கப்பா, நல்லா இறக்குங்க, உள்ள வெச்சுக்கிட்டா ரத்தக்கொதிப்பு" என்றேன். மேடத்தின் சட்டமெல்லாம் சொல்லவில்லை. அதெல்லாம் அந்தம்மா பயந்த சுபாவம், அதனால் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் நல்ல கூட்டம். "டாக்டரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ரங்கராசு என்று ஒருத்தன், பாய்லருக்கு விறகு போடுகிறவன். என் கூடவே பதினாறு வருஷம். பேசவே மாட்டான். அப்பேர்ப்பட்டவன் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "நானும் ஒண்ணு போடட்டுமா டாக்டரே?" என்றான். போட்டான். ஒன்று, ரெண்டு, பத்து. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மேனேஜர் பேரைச் சொல்லி ஆரம்பித்தவன் கொஞ்ச நேரத்தில் "அப்பா, அப்பா" என்று கத்துகிறான். அவன் அப்பா செத்து முப்பது வருஷம். மூட்டை சாய்ந்துவிட்டது. இவன் நிற்கவில்லை. கை போய்த் தண்ணிப் பைப்பைத் தாங்குகிற இரும்புப் பட்டையில் விழுந்தது. ரெண்டு விரல் முறிந்துபோனது.

மேடத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கண்ணு தொறந்திருந்தாரா?"

"இல்லீங்க."

"நில்லுன்னு சொல்ல பக்கத்துல யாரு இருந்தா?"

"நான் இருந்தேன்."

"சொன்னீங்களா?"

நான் கை தட்டிக்கொண்டிருந்தேன் சார்.

அதற்கு மறுவாரம்தான் மெத்தையைக் காட்டினார். எனக்கு ஆசை போயிருந்தது. "இப்ப குத்துங்க. ஆனா கால்வாசி வேகத்துல" என்றார். கால்வாசி வேகத்தில் எப்படிக் குத்துவது? சாமி ஊர்வலமா? முடியாது என்றேன். அவர் கேட்டார்: "உங்க பாய்லர்ல அடியில கசடு தங்கும்னு சொன்னீங்களே, அதை எப்படி வெளியேத்துவீங்க?" அடியில் ஒரு வால்வு இருக்கும், அதைத் திறந்து கொஞ்சம் தண்ணியோடு தள்ளிவிடணும் என்றேன். "படக்குன்னு திறப்பீங்களா?" எனக்குப் பதறிவிட்டது. "ஐயோ, படக்குன்னு திறந்தா பைப்பே பிச்சுக்கிட்டுப் போயிரும் மேடம். கண்ணாடியில தண்ணி மட்டத்தைப் பார்த்துக்கிட்டே, கொஞ்சம் கொஞ்சமாத்தான் திறக்கணும். போதும்கறப்ப மூடிறணும். மூடத்தான் முக்கியமா கத்துக் குடுப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஷிஃப்டும் அதைச் செய்கிறேன். மலாயா சரித்திரம் வரைக்கும் படித்தவன்.

சரியென்று கையை மடக்கினேன். கால்வாசி வேகம். கண் திறந்திருக்கணும். அது ரொம்பக் கஷ்டம் சார். வேகமாகப் போகிற கைக்கு நாம் தேவையில்லை, அதுவே போய்விடும். மெதுவாகப் போகிற கையோடு நாமும் கூடவே போகணும். முக்கால்வாசி தூரத்தில் விரல் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை. மெத்தையில் போய்ப் பட்டபோது அது குத்தாக இல்லை. வெறும் உள்ளங்கை. யாரையோ போகாதே என்று பிடிக்கிற மாதிரி அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அரை மணி நேரம் எடுக்கவில்லையாம். கண்ணிலிருந்து தண்ணியாகக் கொட்டியது. ராத்திரி முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் முழித்திருக்கிறவனுக்குக் கண்ணில் நீர் வருவது சகஜம்தான். அதையும் மேடத்திடம் விளக்கினேன். "ஆமா சார்" என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே கலாமணிக்குப் போன் போட்டேன். "கலா, விஷயம் தெரிஞ்சு போச்சு! என் கை உன்னை அடிக்க வரல, உன்னைப் புடிக்கத்தான் வந்திருக்குது! இத்தனை நாளும்!" என்றேன். கேஸ் முடிந்தது, தீர்ப்பு எனக்குச் சாதகம் என்கிற மாதிரி.

"புடிக்க வந்த கைதான் பீரோவை நசுக்குச்சா?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அவிநாசி ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் நின்று யோசித்தேன். ஏழு புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. டிங்கரிங் கடையிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, பீரோவின் பள்ளத்தைத் தட்டி எடுத்து, பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். எங்கே குத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். கீலுக்கு எண்ணெயும் விட்டாயிற்று. பார்த்தால் அசந்து போவாள். இன்றைக்கு வந்தாளானால்...

கேட்டீங்களா? "நில்லுங்க" என்றார் மேடம். அடி உடனே நின்றுவிட்டது. ஒரு அடிகூட அதிகம் இல்லை. முதல் நாளே! நான் ஒன்பது வாரம் தலைகீழாக நின்று கற்றுக்கொண்டது. அவளுக்கு எப்படி வந்தது? பழக்கம்தான். நான் வந்து படுத்துத் தொண்டையைச் செருமினால் போதும், மிக்ஸியை அப்படித்தான் நிறுத்துவாள். தேங்காய் பாதி அரைந்திருக்கும். டி.வி.யும் அப்படித்தான். பேச்சும்...

இருபத்திரண்டு வருஷம்.

சார், இந்த நாற்காலிதான் ஆடுகிறதா, பாருங்க. இல்லையா?

மணி என்ன? பதினொன்றுக்கு ரெண்டு நிமிஷமா? ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. ஒருவேளை மயக்கம் கியக்கம்... அவளுக்குச் சுகர் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டிக் கேட்டால் என்ன தப்பு? சும்மா விரல் முட்டியால். இல்லை. இல்லை, உட்கார்ந்துதான் இருக்கிறேன். நீங்க அப்படிப் பார்க்க வேண்டாம். இது என் கை, இது என் முட்டி மேல் இருக்கிறது.

திறக்கிறது பாருங்க.

*

பார்த்தீங்களா சார்? நீங்களே சாட்சி. நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லணும்.

முடியெல்லாம் அவிழ்ந்து கிடந்ததே, அவளை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. முகம் சிவந்து, அடுப்படியிலிருந்து வந்த மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. "கலா, பீரோவை டிங்கரிங் பண்ணி வெச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து பையை வாங்கப் போனேன் இல்லையா? "நில்லுங்க" என்றாள். எங்கே கற்றுக்கொண்டாள் அந்தக் கையை? இப்படி உள்ளங்கையைக் காட்டி. நின்றேன் சார். நீங்க பார்த்தீங்க. அரை அடி அதிகமாகப் போயிருந்தேன். அதையும் நானே குனிந்து பார்த்து, காலைப் பின்னால் எடுத்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்தாள். "இன்னொருக்கா வாங்க" என்றாள். போனேன். "நில்லுங்க." நின்றேன். மேடம் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், டேப்பை எடுக்கவில்லை. மூன்றாம் தரம், "வாங்க" என்றவள் "நில்லுங்க" என்று சொல்லவே இல்லை. நான் பக்கத்தில் போனதும் நானாகவே நின்றுவிட்டேன். எத்தனை தூரம் இருக்கும்? ஒரு கை நீளம். ஒரு சாண் இல்லை. அதைவிட அதிகம்.

அப்போதுதான் சொன்னாள். நீங்க ஃபைலைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டீங்க, ஆனால் கேட்டிருக்கும். "இன்னைக்குக் கோபிக்குத்தான் போறேன். அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்கு. பதினொண்ணேகாலுக்கு உங்களுக்கு. நான் உள்ள இருக்கறப்ப நீங்க இங்க உக்காந்திருக்கணும்."

"எனக்குத்தானே வைத்தியம்?" என்றேன். அவள் சிரித்தாள் சார். பல்லெல்லாம் தெரிய இல்லை. ஆனால் சிரித்தாள்.

போகும்போது திரும்பி வந்து ஒன்று சொன்னாளே, அதுதான் எனக்குப் புரியவில்லை. "அந்தப் பீரோவைத் தட்டி எடுத்திருக்க வேண்டாம். போகுது. ஊட்டுக்குப் போனதும் காலண்டர் நாலையும் கழட்டிருங்க. நான் வர்றப்ப ஒண்ணும் தொங்கக் கூடாது." காலண்டரைக் கழற்றினால் பள்ளமெல்லாம் தெரியுமே? வருகிறவர்கள் பார்ப்பார்களே? தினமும் படுத்துக்கொண்டு நானல்லவா அதைப் பார்க்கணும்? அதைக்கூட யோசிக்காமல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

'நான் வர்றப்ப' என்றுதானே சொன்னாள்? நீங்களும் அப்படித்தானே கேட்டீங்க? 'வந்தா' என்று சொல்லவில்லையே?

செருப்புச் சத்தம் கேட்கிறதா? இன்னும் படியில்தான் இருக்கிறாள். அவளுக்கு முட்டி வலி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவாள். பஸ் பதினொன்று நாற்பதுக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு இங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம். நான் ஓடினால் நாலு நிமிஷம். ஓடிப் போய், பையைக்கூட வேண்டாம், சும்மா பக்கத்தில் நடந்து போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தால் என்ன சார்? அதில் என்ன தப்பு? நல்ல காரியம்தானே? கால் தானாகத் துடிக்கிறது பாருங்க. மேடம் இதையெல்லாம் கேட்கத்தான் 'காலில் என்ன தெரியுது' என்கிறார் போலிருக்கிறது. தெரிகிறது மேடம். இப்போது நன்றாகத் தெரிகிறது.

சார், ஒரு உதவி. இந்த முக்கால் மணி நேரத்தில் நீங்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தரம் எனக்காக "நில்லுங்க" என்று சொல்றீங்களா? நானே சொல்லிக்கொண்டால் எனக்குக் காது கேட்பதில்லை.

இன்னும் கொஞ்சம் சத்தமாக.

ஆங். போதும். நன்றி சார்.

மேடம் உங்களைக் கூப்பிடுகிறார். போங்க. செருப்பு இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபைலையும் வேண்டுமானால் என் மடியில் வைத்துவிட்டுப் போங்க. கொஞ்சம் கனமாக ஏதாவது இருந்தால் எழுந்திருக்க முடியாது. தரையில் நீலக் கோடு இருக்கும், மிதித்துவிடப் போகிறோம் என்று பயப்படாதீங்க, எல்லாம் பழைய கோடு.

நீங்க வெளியே வர பன்னிரண்டேகால் ஆகும். அப்போது நான் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்றால், அவள் பஸ் போய்விட்டது, நான் எழுந்து ஓடவில்லை என்று அர்த்தம்.